கரையிறங்க விடாத கப்பல்

(தோட்டக் கமிட்டித் தலைவர்கள், தலைவிமார், இளைஞர் அணியினர் கலந்துகொண்ட மாதாந்தக் கல்வி வகுப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சம்பளம், சேமலாப நிதி, லயத்துக் கூரை, பிள்ளைகளின் படிப்பு என்று பேசுவதுதான் இந்த வகுப்பின் வழக்கம். இன்றைக்குக் கப்பல் கதை எதற்கு என்று சிலர் நினைக்கலாம். நம்முடைய கதையே கப்பலில் தொடங்கியதுதான். நம் பாட்டன் பூட்டன்மார் கால்நடையாக வந்து, கடல் கடந்து, மறுபடியும் காட்டு வழி நடந்து இந்த மலைகளுக்கு வந்து சேர்ந்தார்கள். பிறகு ஒரு காலத்தில் நம்மவர்களை லட்சக்கணக்கில் திரும்பக் கப்பலேற்றினார்கள். தலைமன்னாரில் 'இராமானுஜம்' கப்பலில் ஏறிப் போன அத்தை மாமன்மாரைப் பற்றிய பேச்சு இன்னும் நம் வீடுகளில் ஓயவில்லை. யார் எந்தக் கரையில் இறங்கலாம், யார் இறங்கக்கூடாது என்ற கேள்வி நமக்கு ஏட்டுக் கேள்வி இல்லை.

இன்று நாம் பேசப்போவது பஞ்சாப் மக்கள் ஏறிய ஒரு நீராவிக் கப்பலைப் பற்றி. அதன் பெயர் கொமகாட்டா மாரு. 1914ஆம் ஆண்டு, ஏப்ரல் தொடங்கி செப்டெம்பர் வரை அந்தக் கப்பல் பசிபிக் கடலில் போய் வந்தது. அது போர்க்கப்பல் அல்ல. நிலக்கரியும் வேலை தேடிய மனிதர்களும்தான் அதில் இருந்தார்கள். ஆனாலும் இந்தியாவின் விடுதலை வரலாற்றில் அந்தக் கப்பலுக்கு ஓர் இடம் உண்டு. தொழிற்சங்க வரலாற்றிலும் அதற்கு ஓர் இடம் உண்டு. அது நமக்குப் பெருமையான இடம் இல்லை. அதையும் மறைக்காமல் சொல்லப் போகிறோம்.

ஒரே கப்பல், இரண்டு விதமான கதவு

இந்தக் கப்பல் 1890இல் ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் கட்டப்பட்டது. ஏறத்தாழ 3,000 தொன் கொள்ளளவு. முதலில் ஒரு ஜெர்மன் கம்பனியிடம் 'ஸ்டூபன்ஹூக்' என்ற பெயரில் ஓடியது. பிறகு பெயர் 'சிசிலியா' என்று மாறியது. அந்த நாட்களில் அதன் வேலை, ஐரோப்பாவில் பிழைக்க வழியில்லாத ஏழை எளியவர்களை அட்லாண்டிக் கடலைத் தாண்டி அமெரிக்கக் கண்டத்தில் கொண்டுபோய் இறக்குவது. விவசாயக் கூலிகள், நிலமில்லாதவர்கள், குழந்தை குட்டிகளோடு வந்த குடும்பங்கள் அதில் போனார்கள். கனடாவும் அமெரிக்காவும் பெரும்பாலும் அவர்களுக்குக் கதவைத் திறந்தே வைத்திருந்தன.

1913இல் ஒரு ஜப்பானியக் கம்பனி அதை வாங்கி 'கொமகாட்டா மாரு' என்று பெயர் வைத்தது. 'மாரு' என்பது ஜப்பானியக் கப்பல்களின் பெயருக்குப் பின்னால் வழக்கமாக வரும் சொல். அடுத்த வருடமே அதே கப்பல், அதே தட்டுகளோடு கனடாவின் இன்னொரு கரைக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு போனது. இந்த முறை போனவர்களின் நிறம் வேறு. கதவு சாத்தப்பட்டது.

சட்டத்துக்குள் வைத்த பொறி

கனடாவின் மேற்குக் கரையில் பிரிட்டிஷ் கொலம்பியா என்ற மாகாணம் இருக்கிறது. அங்கே பெரிய காடுகள், மரம் அறுக்கும் ஆலைகள், ரயில் பாதை வேலைகள். ஆள் தேவைப்பட்டது. 1904க்கும் 1908க்கும் இடையில் ஐயாயிரம் இந்தியர் அளவில் அங்கே போய்ச் சேர்ந்தார்கள். பெரும்பாலோர் பஞ்சாபிலிருந்து போன சீக்கியர்கள். சிலர் பிரிட்டிஷ் படையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர்கள். ராஜாவுக்காகத் துப்பாக்கி தூக்கினோம், ராஜாவின் நாட்டில் எங்கும் போய்ப் பிழைக்க நமக்கு உரிமை உண்டு என்று அவர்கள் நம்பினார்கள்.

1907இல் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம் அவர்களுடைய வாக்குரிமையைப் பறித்தது. அதே வருடம் செப்டெம்பரில், எல்லைக்கு அந்தப் பக்கம் அமெரிக்காவின் பெல்லிங்ஹாம் ஊரில் மர ஆலைகளில் வேலை செய்த இந்தியர்களை ஒரு கும்பல் அடித்து விரட்டியது. சில நாட்களில் வன்கூவர் நகரில் சீனர்களும் ஜப்பானியர்களும் வாழ்ந்த தெருக்கள் தாக்கப்பட்டன.

ஆனால் இந்தியர் வரக்கூடாது என்று பச்சையாகச் சட்டம் எழுத முடியவில்லை. இந்தியாவும் கனடாவும் ஒரே பேரரசின் கீழ் இருந்தன. அப்படி எழுதினால் இந்தியாவில் கொந்தளிப்பு வரும் என்று லண்டன் பயந்தது. ஆகவே 1908இல் வேறு விதமாக எழுதினார்கள். சொந்த நாட்டிலிருந்து இடையில் நிற்காமல், அங்கேயே எடுத்த ஒரே டிக்கெட்டில், தொடர்ந்து பயணம் செய்து வருகிறவர்தான் கனடாவில் இறங்கலாம் என்பது விதி. அந்த விதியில் 'இந்தியர்' என்ற சொல்லே கிடையாது. ஆனால் இந்தியாவிலிருந்து கனடாவுக்கு இடையில் நிற்காமல் வர வழி இருக்கவில்லை. அப்படிப் பயணச்சீட்டு கொடுக்கக்கூடியதாக இருந்த ஒரு கப்பல் கம்பனியிடமும், இந்தியாவில் அதை விற்காதே என்று சொல்லிவிட்டார்கள். இதற்கு மேல், ஆசியாவிலிருந்து வருகிறவர் கையில் 200 டொலர் காட்ட வேண்டும் என்று இன்னொரு விதி. அதற்கு முன்னால் கேட்ட தொகை 25 டொலர்.

இந்தச் சூட்சுமம் நமக்குப் புதிதா? 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தை எடுத்துப் பாருங்கள். தோட்டத் தமிழருக்குப் பிரஜாவுரிமை இல்லை என்று அதில் எங்கும் எழுதவில்லை. தகப்பன் இலங்கையில் பிறந்ததற்கு, இல்லாவிட்டால் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்ததற்கு அத்தாட்சி கேட்டார்கள். அவ்வளவுதான். லயத்துக் காம்பராவில் பிறந்த பூட்டனுக்கு யார் பிறப்புச் சாட்சிப்பத்திரம் எழுதி வைத்தார்கள்? கொடுக்கவே முடியாத ஒன்றைக் கேட்டுவிட்டு, சட்டம் எல்லோருக்கும் ஒன்றுதான் என்று சொல்வது பழைய வித்தை. கனடாவில் 1908இல் செய்ததை இங்கே 1948இல் செய்தார்கள்.

1913 கடைசியில் கனடா இன்னும் ஒரு படி மேலே போனது. பிரிட்டிஷ் கொலம்பியாவின் துறைமுகங்களில் தொழிலாளிகள், கைவினைஞர்கள் யாரும் இறங்கக்கூடாது என்று ஒரு கட்டளை போட்டது. தொழிலாளி என்பதே இறங்க விடாததற்குப் போதுமான காரணம் ஆகிவிட்டது.

கப்பலை வாடகைக்குப் பிடித்தவர்

அமிர்தசரஸ் மாவட்டத்தின் சர்ஹாலி கிராமத்தில் பிறந்தவர் குர்தித் சிங். மலாயாவிலும் சிங்கப்பூரிலும் கொந்தராத்து எடுத்து முன்னேறியவர். அவர் ஆரம்பத்தில் புரட்சிக்காரர் இல்லை, வியாபாரி. ஹொங்கொங்கில் கனடாவுக்குப் போக வழியில்லாமல் பஞ்சாப் ஆட்கள் மாதக்கணக்காகக் காத்துக் கிடந்ததைப் பார்த்தார். நாமே ஒரு கப்பலைப் பிடித்தால் என்ன என்று யோசித்தார். கொமகாட்டா மாருவை ஆறு மாதத்துக்கு, மாதம் 11,000 ஹொங்கொங் டொலர் வாடகைக்கு எடுத்தார். கப்பலுக்குச் சீக்கியர்களின் முதல் குருவின் பெயரைச் சேர்த்து 'குரு நானக் ஜகாஜ்' என்று பெயர் சூட்டினார். ஜகாஜ் என்றால் கப்பல்.

1914 ஏப்ரல் 4ஆம் திகதி 165 பேரோடு கப்பல் ஹொங்கொங்கை விட்டது. ஷங்காய், மோஜி, யோக்கஹாமா துறைகளில் இன்னும் ஆட்கள் ஏறினார்கள். மே 3ஆம் திகதி ஜப்பானை விட்டுப் புறப்பட்டபோது 376 பேர் இருந்தார்கள். சீக்கியர்கள்தான் அதிகம். முஸ்லிம்களும் இந்துக்களும் இருந்தார்கள். வேறு வேறு மதம், ஒரே மொழி, ஒரே நோக்கம்.

இதே காலத்தில் இதே பேரரசு தமிழ்நாட்டில் என்ன செய்துகொண்டிருந்தது? கங்காணிமாரை ஊர் ஊராக அனுப்பி, முன்பணம் கொடுத்து, கடனில் மாட்டி, முகாம்களில் அடைத்து மருந்து அடித்து நம்மவர்களை இலங்கைக்கு ஏற்றி அனுப்பிக்கொண்டிருந்தது. கடனோடும் துண்டோடும் வருகிற கூலிக்குக் கதவு அகலத் திறந்திருந்தது. சொந்தக் காசில் டிக்கெட் எடுத்து, எனக்கும் சமஉரிமை உண்டு என்று கேட்டு வந்தவனுக்குக் கதவு பூட்டியிருந்தது. வந்தவன் யார் என்பதைவிட, எந்த நிலையில் வந்து நிற்கிறான் என்பதைத்தான் பேரரசு பார்த்தது.

இரண்டு மாதம் கரையைப் பார்த்தபடி

மே 23ஆம் திகதி கப்பல் வன்கூவர் துறைக்கு வந்தது. கரையில் நின்று பார்த்தால் தெரிகிற தூரத்தில் நங்கூரம் போட்டார்கள். இறங்க அனுமதி இல்லை. காவல் படகுகள் இரவும் பகலும் கப்பலைச் சுற்றி வந்தன. முன்பே கனடாவில் குடியிருந்து திரும்பி வந்தவர்கள் என்று ஒப்புக்கொண்ட இருபது சொச்சம் பேருக்கு மட்டும்தான் பிறகு கதவு திறந்தது. மற்றவர்கள் தட்டில் நின்று நகரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கரையில் இருந்த இந்தியர்கள் சும்மா இருக்கவில்லை. ஹுசேன் ரஹீம், பாக் சிங், பல்வந்த் சிங் போன்றவர்கள் முன்னின்று கரைக் கமிட்டி அமைத்தார்கள். ஒரு பெரிய கூட்டம் போட்டார்கள். மர ஆலையிலும் தோட்டங்களிலும் நாட்கூலிக்கு வேலை செய்தவர்கள் மடியில் இருந்ததை அவிழ்த்துப் போட்டார்கள். கப்பல் வாடகைப் பாக்கியைக் கட்ட 20,000 டொலர் அளவில் சேர்ந்தது. ஒரு நாள் சம்பளத்தைச் சந்தாவாகக் கொடுப்பது எவ்வளவு கஷ்டம் என்று நமக்குத் தெரியும். அந்தப் பணத்தின் எடையை நம்மால் நிறுத்துப் பார்க்க முடியும்.

எட்வர்ட் பேர்ட் என்ற வெள்ளைக்காரச் சட்டத்தரணி அவர்களுக்காக வழக்காடினார். முன்ஷி சிங் என்ற ஒருவரின் வழக்கை மாதிரி வழக்காக எடுத்தார்கள். ஜூலை 6ஆம் திகதி மேன்முறையீட்டு நீதிமன்றத்தின் நீதிபதிகள் ஒரே குரலில் தீர்ப்புச் சொன்னார்கள். யாரை உள்ளே விடுவது என்று தீர்மானிக்க கனடாவுக்கு அதிகாரம் உண்டு, முன்ஷி சிங் இறங்க முடியாது. சட்டத்தின் கதவும் சாத்தப்பட்டது.

கப்பலில் சாப்பாடும் தண்ணீரும் குறைந்துகொண்டே வந்தன. திரும்பிப் போ என்று நெருக்கினார்கள். பயணிகள் அசையவில்லை. ஜப்பானியக் கப்டன் நங்கூரத்தைத் தூக்கப் பார்த்தபோது பயணிகள் கப்பலைத் தங்கள் கட்டுப்பாட்டில் எடுத்துக்கொண்டார்கள். ஜூலை 19ஆம் திகதி விடியும் முன்னே 'சீ லயன்' என்ற இழுவைப் படகில் நூற்றுக்கும் அதிகமான பொலிஸாரும் ஆயுதம் தாங்கிய ஆட்களும் வந்து ஏற முயன்றார்கள். பயணிகளிடம் இருந்தது நிலக்கரிதான். ஆளுயரத்துக்கு மேலே இருந்த தட்டிலிருந்து நிலக்கரிக் கட்டிகளை வீசினார்கள். கையில் அகப்பட்டதையெல்லாம் வீசினார்கள். பொலிஸ் படகு திரும்பிப் போனது.

அதன்பிறகு 'ரெயின்போ' என்ற போர்க்கப்பலைக் கொண்டுவந்து பக்கத்தில் நிறுத்தினார்கள். பீரங்கிக்கு முன்னால் நிலக்கரி என்ன செய்யும்? ஆனால் அந்த நிலையிலும் பயணிகள் ஒன்றை விட்டுக்கொடுக்கவில்லை. திரும்பிப் போகும் வழிக்கு வேண்டிய அரிசி, மா, தண்ணீர் எல்லாம் கப்பலில் ஏற்றினால்தான் போவோம் என்று நின்றார்கள். அரசாங்கம் ஒப்புக்கொண்டு ஏற்றியது. ஜூலை 23ஆம் திகதி, சரியாக இரண்டு மாதம் கழித்து, கப்பல் திரும்பியது. தோற்றுப் போகிற வேளையிலும் ஒன்றாக நின்று பேரம் பேசலாம் என்பதை அவர்கள் செய்து காட்டினார்கள்.

பஜ் பஜ்ஜில் விழுந்த குண்டு

கப்பல் நடுக்கடலில் இருந்தபோது, ஓகஸ்ட் 4ஆம் திகதி பிரிட்டன் முதலாம் உலகப் போரில் இறங்கியது. ஹொங்கொங்கில் இறங்க விடவில்லை. சிங்கப்பூரிலும் விடவில்லை. அந்த ஊர்களில் வேலையும் வீடும் இருந்தவர்களைக்கூட விடவில்லை. செப்டெம்பர் கடைசியில் கப்பல் வங்காளத்துக்கு வந்தது. வழியிலேயே நிறுத்திச் சோதனை போட்டார்கள். ஆயுதம் எதுவும் அகப்படவில்லை. ஆனாலும் அவர்களை அரசாங்கம் ஆபத்தானவர்கள் என்றே முடிவு செய்திருந்தது. வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களைப் பிடித்து வைக்க அந்த மாதமே ஒரு அவசரச் சட்டம் போட்டிருந்தார்கள்.

செப்டெம்பர் 29ஆம் திகதி கல்கத்தாவுக்குக் கீழே பஜ் பஜ் என்ற இடத்தில் கப்பலை நிறுத்தி, எல்லோரையும் இறக்கி, பஞ்சாபுக்கு நேராகப் போகும் விசேட ரயிலில் ஏறச் சொன்னார்கள். சிலர் ஏறினார்கள். பெரும்பாலோர் மறுத்தார்கள். கல்கத்தாவில் எங்களுக்கு வேலை இருக்கிறது, புனித நூலை அங்கே குருத்வாராவில் சேர்க்க வேண்டும் என்று சொல்லி, குரு கிரந்த சாகிப்பைத் தலையில் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். வழி மறித்துத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் தள்ளுமுள்ளு நடந்தது. துப்பாக்கி வெடித்தது. பயணிகளில் இருபது பேர் அளவில் செத்து விழுந்தார்கள். இருநூறு பேருக்கு மேல் சிறைப்பட்டார்கள். விசாரணைக் குழு வைத்தார்கள். அது பழியைப் பயணிகள் மேலேயே போட்டது.

அதே செப்டெம்பர் கடைசியில்தான் பஞ்சாப் சிப்பாய்களை ஏற்றிய கப்பல்கள் பிரான்சின் மார்செய் துறைமுகத்தில் பிரிட்டனுக்காகப் போர் புரிய இறங்கிக்கொண்டிருந்தன. ஒரே மண்ணின் பிள்ளைகளில் அண்ணனைப் போர்முனையில் இறக்கினார்கள், தம்பியைச் சொந்த மண்ணில் சுட்டார்கள்.

நமக்கு முல்லோயா தெரியும். 1940 ஜனவரி 10ஆம் திகதி அந்தத் தோட்டத்தில் பொலிஸ் குண்டுக்குப் பலியான கோவிந்தனின் பெயர் நம் சங்க மேடைகளில் ஒவ்வொரு வருடமும் சொல்லப்படுகிறது. பஜ் பஜ் பஞ்சாப் மக்களுக்கு அப்படிப்பட்ட ஒரு பெயர்.

விண்ணப்பம் முடிந்து கிளர்ச்சி தொடங்கியது

அமெரிக்கக் கரையில் 1913இலேயே 'கதர்' கட்சி உருவாகியிருந்தது. நூல் நூற்கும் கதர் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. இந்தக் கதர் உருது மொழியில் கிளர்ச்சி என்று பொருள்படும் சொல். அதன் தலைவர் சோகன் சிங் பக்னா, மர ஆலையில் வேலை செய்த ஒரு தொழிலாளி. ஹர் தயாள் அதன் பத்திரிகையை சான் பிரான்சிஸ்கோவிலிருந்து நடத்தினார். உறுப்பினர்களில் பெரும்பாலோர் ஆலையிலும் பண்ணையிலும் ரயில் பாதையிலும் உழைத்தவர்கள்.

கொமகாட்டா மாருவுக்கு நடந்தது அந்தக் கட்சியின் பேச்சுக்கு உயிருள்ள சாட்சியாக ஆனது. அதுவரைக்கும் பலர் மனு எழுதினார்கள், தூதுக்குழு அனுப்பினார்கள். நாமும் ராஜாவின் பிரஜைகள்தானே என்று கேட்டார்கள். இந்தக் கப்பலுக்குப் பிறகு, சொந்த நாட்டில் அடிமையாக இருக்கிறவனுக்கு வெளிநாட்டில் மரியாதை கிடைக்காது என்ற எண்ணம் வேரூன்றியது. ஆயிரக்கணக்கானோர் வேலையை விட்டுவிட்டு இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள். 1915 பெப்ரவரியில் படை முகாம்களில் கிளர்ச்சி செய்யத் திட்டமிட்டார்கள். காட்டிக்கொடுப்பால் அது முறிந்தது. கர்த்தார் சிங் சராபா 1915 நவம்பர் 16ஆம் திகதி லாகூரில் தூக்கிலிடப்பட்டபோது அவருக்கு வயது 19. அவரைத் தன் வழிகாட்டியாகக் கொண்டவர்தான் பகத் சிங்.

கனடாவிலும் இரத்தம் சிந்தியது. கரைக் கமிட்டியின் பாக் சிங்கை ஓர் உளவாளி குருத்வாராவுக்குள்ளேயே சுட்டுக் கொன்றான். உளவாளிகளை வைத்து நடத்திய குடிவரவு அதிகாரி ஹொப்கின்சனை மேவா சிங் என்ற மர ஆலைத் தொழிலாளி சுட்டுக் கொன்றார். 1915 ஜனவரி 11ஆம் திகதி அவரைத் தூக்கிலிட்டார்கள். அடைத்த கதவுக்குப் பின்னால் நீதி கிடைக்காதபோது என்ன நடக்கும் என்பதற்கு இது ஒரு துயரமான கணக்கு.

பஜ் பஜ்ஜில் தப்பிய குர்தித் சிங் ஏழு வருடம் தலைமறைவாக இருந்தார். 1921இல், காந்தியின் ஆலோசனைப்படி, எல்லோர் முன்னிலையிலும் சரணடைந்து சிறை சென்றார். வியாபாரியாகக் கப்பல் ஏறியவர் விடுதலைப் போராட்டக்காரராக இறங்கினார். இந்தியா சுதந்திரம் அடைந்ததைக் கண்ணால் பார்த்துவிட்டு 1954இல் மறைந்தார். 1952இல் பஜ் பஜ்ஜில் நினைவுச் சின்னத்தைப் பிரதமர் நேரு திறந்து வைத்தார்.

கப்பல் என்ன ஆனது?

கப்பலுக்கு இந்த வரலாறு எதுவும் தெரியாது. அது மறுபடி சரக்கு ஏற்றப் போய்விட்டது. 1924இல் இன்னொரு ஜப்பானியக் கம்பனி வாங்கி 'ஹெயான் மாரு' என்று பெயர் மாற்றியது. 1926 பெப்ரவரி 11ஆம் திகதி, ஜப்பானின் வடக்கே ஹொக்கைடோ தீவில் சொயிடோமாரி முனை அருகே உடைந்து அழிந்தது. முப்பத்தாறு வருட ஓட்டம் அங்கே முடிந்தது.

நினைத்துப் பாருங்கள். கொமகாட்டா மாரு என்ற பெயரை அது தாங்கியது பதினொரு வருடம்தான். அதில் வரலாறு கேட்பது ஆறு மாதத்தை மட்டும். இரும்பு உடைந்து போனது. அந்த ஆறு மாதமும் தட்டில் நின்றவர்களால்தான் அதன் பெயர் உலகத்துக்குத் தெரிகிறது. 2008இல் பிரிட்டிஷ் கொலம்பியாவின் சட்டசபை மன்னிப்புக் கேட்டது. 2016 மே 18ஆம் திகதி கனடாவின் பிரதமர் பாராளுமன்றத்தில் எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டார். 102 வருடம் எடுத்தது.

சங்கம் எந்தப் பக்கம் நின்றது?

இனி, முதலில் சொன்ன அந்தப் பெருமையில்லாத பகுதிக்கு வருவோம். வன்கூவரில் 1907இல் ஆசியர்களை வெளியேற்றுவதற்கென்றே ஒரு கழகம் அமைந்தது. அதற்குப் பின்னால் நின்றவர்களில் அந்த நகரத்துத் தொழிற்சங்கங்களின் பேரவையும் ஒன்று. ஆம் தோழர்களே, சங்கம்தான். அவர்கள் சொன்ன நியாயம் இது: ஆசியர்கள் குறைந்த கூலிக்கு வேலை செய்கிறார்கள், அதனால் நம் கூலி குறைகிறது, ஆகவே அவர்களை வர விடாதே.

குறைந்த கூலி கொடுத்தது யார்? ஆலை முதலாளி. அவரிடம் போய், ஒரே வேலைக்கு ஒரே கூலி கொடு என்று கேட்டிருக்கலாம். இந்தியரையும் சீனரையும் சங்கத்தில் சேர்த்திருக்கலாம். அந்தக் காலத்திலேயே அதே கரையில் நிறம் பாராமல் எல்லோரையும் சேர்த்த ஐ.டபிள்யூ.டபிள்யூ. என்ற சங்கம் இருந்தது. சோசலிஸ்ட் கட்சியிலும் சிலர் கப்பல் பயணிகளுக்காக மேடையில் பேசினார்கள். கரைக் கமிட்டியின் ஹுசேன் ரஹீம் அந்தக் கட்சிக்காரர்தான். ஆனால் பெரும்பான்மைச் சங்கங்கள் முதலாளியை விட்டுவிட்டுத் தொழிலாளியைப் பிடித்தன.

பலன் என்ன? வாக்குரிமை இல்லாத, சங்கம் இல்லாத ஒரு தொழிலாளர் கூட்டம் இன்னும் முப்பது வருடம் ஆலைகளுக்குள் இருந்தது. முதலாளிக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? 1940களில்தான் ஐ.டபிள்யூ.ஏ. என்ற மரத் தொழிலாளர் சங்கம் விழித்துக்கொண்டது. தர்ஷன் சிங் சங்கா போன்ற பஞ்சாபி அமைப்பாளர்களை வைத்து ஆலைகளில் இந்தியர்களைச் சேர்த்தது. சங்கமும் பலப்பட்டது. அவர்களுடைய வாக்குரிமைக்காகவும் அந்தச் சங்கம் குரல் கொடுத்தது. 1947இல் வாக்குரிமை திரும்பக் கிடைத்தது. தொடர் பயண விதியும் அந்த வருடமே ஒழிந்தது. முப்பது வருடத்துக்கு முன்னால் செய்திருக்க வேண்டியதைப் பிந்திச் செய்தார்கள்.

நம் தோட்டத்துக்கு வருவோம்

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறோம் என்று உங்களுக்கு இப்போது விளங்கியிருக்கும். நம் கமிட்டிக் கூட்டங்களில் சில மாதமாக ஒரு பேச்சு ஓடுகிறது. கைக்காசுக்குக் கொழுந்து எடுப்பவர்களால் நம் பேர் குறைகிறது என்கிறார்கள். கொந்தராத்துக்குப் புல் வெட்ட வெளியிலிருந்து வருகிறவர்களை மலைக்குள் விடக்கூடாது என்கிறார்கள். பக்கத்துக் கிராமத்துச் சிங்களச் சகோதரிகள் கொழுந்துக்கு வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறோம். சந்தா கட்டாதவர்களுக்காகச் சங்கம் எதற்குப் பேச வேண்டும் என்றும் கேட்கிறார்கள்.

கோபம் நியாயமானது. வீட்டில் அடுப்பு எரிய வேண்டும். ஆனால் கோபத்தின் விலாசம் சரியா என்று பார்க்க வேண்டும். கைக்காசுக்கு எடுக்கிறவர் யார்? போன வருடம் வயது வந்து பேர் வெட்டுப்பட்ட நம் பெரியம்மா. பதிவு கிடைக்காமல் காத்திருக்கும் நம் மருமகள். அவர்களுக்குச் சேமலாப நிதி இல்லை, பிரசவ விடுமுறை இல்லை, மலையில் விழுந்து காலை முறித்துக்கொண்டால் நட்டஈடு இல்லை. அவர்களை அப்படி வைத்திருப்பது நிர்வாகத்துக்கு லாபம். இன்றைக்கு அவர்களுக்கு இல்லாதது நாளைக்கு நமக்கும் இல்லாமல் போகும். பதிவுள்ள ஒருவர் விலகும் இடத்தில் பதிவில்லாத ஒருவரை வைப்பதை நாம் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறோம்?

கனடாவின் சங்கங்கள் முப்பது வருடம் பிந்தின. நமக்கு அவ்வளவு காலம் இல்லை. அதனால் இந்தக் கூட்டத்தின் முன் மூன்று வேலைகளை வைக்கிறோம். ஒன்று, ஒவ்வொரு டிவிசனிலும் கைக்காசுக்கும் கொந்தராத்துக்கும் வேலை செய்கிறவர்களின் பெயர், எத்தனை மாதமாக வேலை, நாளைக்கு எவ்வளவு கிடைக்கிறது என்பதைத் தலைவிமார் ஒரு கொப்பியில் எழுத வேண்டும். அவர்கள் யார் என்றே தெரியாமல் அவர்களுக்காகப் பேச முடியாது. இரண்டு, அவர்களைக் கமிட்டிக் கூட்டத்துக்கு அழைக்க வேண்டும். சந்தா பற்றிப் பிறகு பேசலாம், முதலில் வந்து உட்காரட்டும். மூன்று, அடுத்த முறை நிர்வாகத்தோடு பேசும்போது, ஒரே கொழுந்துக்கு ஒரே விலை என்ற கோரிக்கையும் நம் பட்டியலில் இருக்க வேண்டும்.

பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. உங்கள் பாடப் புத்தகத்தில் இந்தக் கப்பலைப் பற்றி அதிகம் இருக்காது. வீட்டில் பாட்டியிடம் கேளுங்கள், நம் ஆட்கள் எந்தக் கப்பலில் வந்தார்கள், யார் எந்த வருடம் திரும்பிப் போனார்கள், யாருக்குப் பிரஜாவுரிமை எப்போது கிடைத்தது என்று. எழுதி வையுங்கள். இந்தப் பத்திரிகைக்கு அனுப்புங்கள். வன்கூவர் துறையில் கப்பல் நின்ற கதை மறையாமல் இருப்பதற்குக் காரணம், கரையில் இருந்தவர்களும் கப்பலில் இருந்தவர்களும் அதைத் தங்கள் பிள்ளைகளுக்குச் சொன்னதுதான். சொல்லாத கதையை வேறு யாராவது தங்கள் வசதிக்கு எழுதிவிடுவார்கள். நம்மைக் கள்ளத்தோணி என்று எழுதியவர்களும் இருந்தார்களே.

தோழர்களே, கொமகாட்டா மாருவில் இருந்தவர்கள் கேட்டது பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. உழைத்துச் சாப்பிட ஓர் இடம், மற்றவர்களுக்கு உள்ள அதே சட்டம். நாம் கேட்பதும் அதுதான். நமக்குப் பக்கத்து நிரையில் கூடை சுமக்கிறவரும் அதைத்தான் கேட்கிறார். அவர் கேட்கும்போது நாம் எந்தக் கரையில் நிற்கப் போகிறோம் என்பதை இந்த மாதக் கொப்பியில் நாம் எழுதும் பெயர்கள் காட்டும்.